தொண்டை வலியோடு சிறுநீர் கறுத்தால் அது சூடு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் டான்சில் பற்றி வந்த கேள்வி பதிலைப் படித்தேன். ஐஸ்கிரீம் சாப்பிடலாமா, குழந்தை குறட்டை விட்டால் என்ன செய்வது, எப்போது ஆபரேஷன் என்று எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லியிருந்தார்கள், நல்ல விஷயம். ஆனால் டான்சிலுக்கும் கிட்னிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்கு முன்னால் கிட்னி பற்றி வந்த கட்டுரையிலும் சர்க்கரை, பிரஷர், கல், தண்ணீர் குறைவாகக் குடிப்பது என்று இவ்வளவுதான் இருந்தது, தொண்டையைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் மண்டபம் பக்கம் ஒரு சின்ன லேபில் ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கிற வேலை பார்க்கிறவள். டாக்டர் இல்லை. ஆனால் இந்த விஷயம் தெரியாததால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை வருஷத்தை வீணாக விட்டுவிடுகிறார்கள் என்பதை நேரில் பார்க்கிற இடத்தில் இருக்கிறேன், அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் கடற்கரையில் நடப்பது இதுதான். ஒரு பையனுக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, காய்ச்சல். மெடிக்கல் ஷாப்பில் காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறான். அன்றைக்கோ மறுநாளோ சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போகிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, நிறம் மட்டும்தான். வீட்டில் சொன்னால் "உடம்புச் சூடு, வெயிலில் அலைந்தாய் அல்லவா" என்பார்கள். இளநீர், பார்லித் தண்ணீர், நன்னாரி, ஊறவைத்த வெந்தயம், சீசன் என்றால் நுங்கு. இரண்டு மூன்று நாளில் சிறுநீர் தெளிந்துவிடும். சரி, சூடு இறங்கிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். அடுத்த முறை தொண்டை கட்டும்போது மறுபடியும் அதே நிறம், மறுபடியும் இளநீர்.

ஆனால் இது சூடு இல்லை, கிட்னி நோயாக இருக்கலாம். இதில் ஏமாறுவதற்குக் காரணம், அந்த நோயின் குணமே அப்படித்தான். இளநீர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் சில நாளில் நிறம் தானாகத் தெளிந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் ரத்தம் நின்றுபோகும், கண்ணுக்குத் தெரியாத ரத்தமும் புரதமும் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். வலிக்காத நோயை யார் தேடிப் போவார்கள்? எங்கள் ஊரில் வேலைக்குப் போக முடிகிறவரை யாரும் நோயாளி இல்லை.

இந்த நோய்க்கு ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்று பெயர். 1968-ல் பாரிஸில் ஜான் பெர்ஜே, நிக்கோல் ஆங்கிளே என்ற இரண்டு பேர் முதன்முதலில் விவரித்தார்கள், அதனால் பெர்ஜர் நோய் என்றும் சொல்கிறார்கள். கிட்னியின் வடிகட்டிகளைத் தாக்கும் அழற்சி நோய்களில், வேறு நோயின் பின்விளைவாக வராமல் தானாகவே வருகிறவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால், உலக அளவில் அதிகம் காணப்படுவது இதுதான். பதின்ம வயதிலிருந்து முப்பதுகள் வரைக்கும் உள்ளவர்களைத்தான் பெரும்பாலும் பிடிக்கிறது, அதாவது கடலுக்குப் போகிற வயது, வெளிநாட்டுக்குக் கிளம்புகிற வயது, கல்யாணம் முடிகிற வயது.

தொண்டைக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் உள்ளே வருகிற கிருமிகளை உடம்பு முதலில் பரிசோதிக்கிற இடங்களில் டான்சில் ஒன்று. அங்கே இருக்கிற பி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளையணுக்கள் கிருமியை அடையாளம் கண்டு எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்கின்றன. வாய், மூக்கு, குடல் என்று ஈரமான உள்தோல் இருக்கிற இடங்களிலெல்லாம் காவலுக்கு நிற்கிற எதிர்ப்புப் புரதத்துக்குத்தான் ஐ.ஜி.ஏ. என்று பெயர். அதில் ஐ.ஜி.ஏ.1 என்ற வகையின் நடுப்பகுதியில் சின்னச் சின்னச் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கிக்கொண்டிருக்கும். சிலருடைய உடம்பில் அந்தச் சங்கிலி முழுமையாக உருவாவதில்லை, காலக்டோஸ் என்ற ஒரு சர்க்கரை குறைந்துபோகிறது. குறைபட்ட அந்த ஐ.ஜி.ஏ.வை உடம்பே அந்நியப் பொருளாக நினைத்து அதற்கு எதிராக இன்னொரு எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு கட்டியாகி, ரத்தத்தில் சுற்றி, கடைசியில் கிட்னியின் வடிகட்டிகளுக்கு நடுவே போய்ப் படிகின்றன. அங்கே அழற்சி, வீக்கம், கசிவு, வருஷக்கணக்கில் தழும்பு. தொண்டையில் கிருமி புகுந்து டான்சில் சூடுபிடிக்கிற நேரத்தில் இந்த உற்பத்தியும் கூடுவதால்தான் தொண்டை வலியும் கறுத்த சிறுநீரும் கைகோத்து வருகின்றன. டான்சிலில் உள்ள பி செல்களைத் தூண்டிவிடுகிற ஏப்ரல் என்ற புரதத்தை ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் கண்டு, அதைத் தடுக்கிற மருந்துகள் வரைக்கும் போய்விட்டார்கள். ஆனால் டான்சில் மட்டுமே குற்றவாளி என்று நினைத்துவிடக் கூடாது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உள்ள நோய் எதிர்ப்புத் திசுக்களும் இந்த ஐ.ஜி.ஏ.வைத் தயாரிக்கின்றன, அந்த இடத்தில் மட்டும் கரைந்து வேலை செய்கிற மாதிரி அழற்சியை அடக்குகிற ஒரு ஸ்டீராய்டு மாத்திரை 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இன்னொரு நோயையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள், பிரித்துச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் தொண்டைப் புண்ணுக்குப் பின்னாலும் கிட்னி பாதிக்கப்படும், அதிலும் சிறுநீர் கறுக்கும். ஆனால் அது தொண்டை வலி வந்து ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்து வரும். தோலில் சொறி, சிரங்கு வந்து அதில் அந்தக் கிருமி புகுந்தால் மூன்றிலிருந்து ஆறு வாரம் கூட ஆகும். காலையில் எழுந்தால் குழந்தையின் முகம் உப்பியிருக்கும், கண் இமை வீங்கியிருக்கும், பிரஷர் ஏறியிருக்கும். பெரும்பாலான குழந்தைகள் இதிலிருந்து முழுசாகத் தேறிவிடுகிறார்கள். ஐ.ஜி.ஏ. அப்படி இல்லை. தொண்டை வலிக்கும்போதே, ஒன்றிரண்டு நாளுக்குள்ளேயே சிறுநீர் கறுக்கும், வந்து வந்து போகும். அதனால் டாக்டரிடம் போகிற தாய்மார்கள் "சிறுநீர் கறுத்துவிட்டது" என்று மட்டும் சொல்லாமல், தொண்டை வலி எந்த நாள் ஆரம்பித்தது, நிறம் எந்த நாள் மாறியது என்று இரண்டு தேதியையும் சொன்னால் பாதிக் கணக்கு அங்கேயே தெளிந்துவிடும். சிரங்கையும் லேசாக நினைக்க வேண்டாம். தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்கிச் செலவழிக்கிற எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சிரங்கு சாதாரணமாக வருகிறது, ஒரே பாயில் படுக்கிற எல்லோருக்கும் பரவுகிறது, வீட்டில் அத்தனை பேருக்கும் சேர்த்து மருந்து போட்டால்தான் ஒழியும்.

என் சித்தப்பா மகனைப் பற்றிச் சொல்கிறேன். படித்தது பத்தாவது, விசைப்படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தொண்டை கட்டினால் சிறுநீர் கறுக்கும் என்று சித்தி பின்னால் சொன்னார்கள். ஒரு தடவை பயந்துபோய் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். சிறுநீரைப் பரிசோதிக்கவே இல்லை, நீர்க்கடுப்பு என்று ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாளில் நிறம் தெளிந்ததும் மருந்து கேட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அப்புறம் மீன்பிடித் தடைக்காலத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிற கடன் தொல்லையில் வெளிநாடு போகலாம் என்று முடிவு செய்தான். ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டி, பாஸ்போர்ட் எடுத்து, மெடிக்கல் போனால் அன்ஃபிட். சிறுநீரில் ரத்தம், புரதம், பிரஷர் 160-க்கு மேல், கிட்னி கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற கிரியேட்டினின் 2-ஐத் தாண்டிவிட்டது. அவன் வாழ்க்கையில் முதன்முதலாகச் சிறுநீரைப் பரிசோதித்தது வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிறவர்கள்தான். பிறந்த ஊரில், படித்த பள்ளியில், போன ஆஸ்பத்திரியில் யாரும் செய்யவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. மதுரையில் கிட்னியிலிருந்து ஊசி மூலம் ஒரு துளி சதை எடுத்து பயாப்சி பார்த்துத்தான் ஐ.ஜி.ஏ. என்று உறுதி செய்தார்கள், ரத்தப் பரிசோதனை மட்டும் வைத்து இதை உறுதி செய்ய முடியாது. இப்போது பிரஷர் மாத்திரையும் புரதக் கசிவைக் குறைக்கிற மாத்திரையும் சாப்பிடுகிறான், கரையோர வள்ளத்தில் மட்டும் போய் வருகிறான். முன்னமே தெரிந்திருந்தால் இந்தக் கிட்னியில் எவ்வளவோ மிச்சம் இருந்திருக்கும்.

எங்கள் வேலையில் என்ன தெரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சிறுநீரில் நனைக்கிற அந்தப் பட்டை விரல் நீளம்தான் இருக்கும், அதில் வரிசையாகச் சின்னச் சின்னச் சதுரங்கள். ரத்தம் பார்க்கிற சதுரம் மஞ்சளாக இருக்கும். நனைத்து ஒரு நிமிஷம் விட்டால், ரத்தம் இருந்தால் பச்சையாகும், அதிகமாக இருந்தால் கரும்பச்சையோ நீலமோ ஆகும், செல் உடையாமல் இருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். புரதம் பார்க்கிற சதுரமும் மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போகும். பாட்டிலில் தெளிவாக, வைக்கோல் நிறத்தில், பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாத சிறுநீரில் இந்த இரண்டு சதுரமும் ஒன்றாகப் பச்சையாவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வந்தால் சிறுநீரைச் சுழற்றி அடியில் தங்குவதை ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைப்போம். கல்லால் வருகிற ரத்தம் என்றால் சிவப்பணுக்கள் பெரும்பாலும் வட்டமாக, முழுசாக இருக்கும். கிட்னியின் வடிகட்டி வழியாகப் பிதுங்கி வந்த செல்கள் நசுங்கி, ஓரம் கிழிந்து, சிலது காது முளைத்த மாதிரி பிதுக்கத்தோடு இருக்கும். சில நேரம் செல்கள் வரிசையாக உருளை வடிவில் ஒட்டிக்கொண்டு வரும், அதைப் பார்த்துவிட்டால் ரத்தம் வடிகட்டியிலிருந்துதான் வருகிறது என்பதில் சந்தேகமே இல்லை. இதற்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், எந்தச் சின்ன லேபிலும் செய்யலாம், சிறுநீர் பழையதாகாமல் சீக்கிரம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எங்களிடம் வருகிற சீட்டில் பெரும்பாலும் சர்க்கரை, ஆல்புமின் என்று மட்டும் எழுதியிருக்கிறது. கேட்காததை நாங்களாகப் பார்த்து எழுதிக் கொடுத்தாலும் அந்தப் பேப்பர் மடித்துப் பையில் போய்விடுகிறது.

டான்சிலை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் தம்பிக்கு பயாப்சி முடிவு வந்ததும் சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு வாட்ஸ்அப் வீடியோ அனுப்பினார்கள், ஜப்பானில் டான்சிலை வெட்டி கிட்னியைக் காப்பாற்றுகிறார்கள் என்று. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதி உண்மை. சென்டாய் நகரத்தில் டாக்டர் ஒசாமு ஹொட்டாவின் குழு டான்சிலை எடுத்துவிட்டு ஸ்டீராய்டை நரம்பு வழியாக அதிக அளவில் கொடுக்கிற முறையைச் செய்து, பலருக்குச் சிறுநீரில் ரத்தமும் புரதமும் நின்றுபோனதாக 2001-ல் எழுதினார்கள். ஜப்பான் முழுக்க அது பரவியது. 2014-ல் அங்கேயே நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் டான்சில் எடுத்து ஸ்டீராய்டு, மறுபக்கம் ஸ்டீராய்டு மட்டும் என்று ஒரு வருஷம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புரதம் குறைந்தது டான்சில் எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல்தான், ரத்தமும் புரதமும் சேர்ந்து நின்றுபோவதில் பெரிய வித்தியாசம் நிரூபணமாகவில்லை. 2019-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய நோயாளிகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்ததில், டான்சில் எடுத்தவர்களுக்குக் கிட்னி கெடுவது குறைவாக இருந்தது. ஆனால் அது பழைய பதிவுகளை வைத்துப் பார்த்தது, சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்த்தது இல்லை. ஐரோப்பாவில் இப்படிப் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேச கிட்னி வழிகாட்டிக் குழு 2021-ல் சொன்னதும் இதைத்தான், ஜப்பானியர்களுக்கு வேண்டுமானால் செய்யலாம், வெள்ளையர்களுக்கு ஐ.ஜி.ஏ. நோய்க்காக மட்டும் டான்சிலை எடுக்க வேண்டாம் என்று. இந்தியர்களுக்கு இது பலன் தரும் என்று சொல்லி டான்சிலை எடுக்க இப்போதைக்கு ஆதாரம் போதாது. அதனால் வீடியோவைப் பார்த்துவிட்டு நேராகக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஓட வேண்டாம். அடிக்கடி சீழ் பிடிக்கிறது, மூச்சு அடைக்கிறது என்று வேறு காரணம் இருந்தால் எடுக்கட்டும். கிட்னிக்காக என்றால் கிட்னி டாக்டர் சொல்ல வேண்டும்.

அப்படியானால் என்னதான் செய்ய முடியும் என்று கேட்டால், நிறைய இருக்கிறது, அதில் பலதும் விலை அதிகம் இல்லாதது. பிரஷரைக் கட்டுக்குள் வைப்பது முதல் வேலை. ராமிப்ரில், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் பிரஷரோடு புரதக் கசிவையும் குறைக்கின்றன. சர்க்கரை நோய்க்கென்று வந்த டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரை இல்லாத கிட்னி நோயாளிகளுக்கும் பலன் தருகிறது என்று 2020-ல் வந்த பெரிய ஆய்வில் தெரிந்தது, அதில் ஐ.ஜி.ஏ. நோயாளிகளும் இருந்தார்கள். இதெல்லாம் டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டியவை, கடையில் தானாக வாங்குவதற்கு இல்லை. எங்கள் பக்கத்தில் சொல்லியே ஆக வேண்டியது இரண்டு. ஒன்று கருவாடு. கிட்னி நோய் வந்தவர்களுக்கு உப்பு விஷயத்தில் முதல் எதிரி அதுதான், ஊறுகாயும் அப்பளமும் அப்புறம்தான். பச்சை மீன் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு கருவாட்டை விட முடியாதா என்று தம்பியிடம் நானே சண்டை போட்டிருக்கிறேன். இன்னொன்று வலி மாத்திரை. வலை இழுத்து வந்தவர்கள், பாசி எடுக்க நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கி எழுகிற பெண்கள், உப்பளத்தில் நிற்கிறவர்கள் என்று உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் விழுங்காத வீடு எங்கள் பக்கம் அபூர்வம். தொண்டை வலிக்குக் கொடுக்கிற செட் மாத்திரையிலும் பல நேரம் அது இருக்கிறது. வெயிலில் வேர்த்து உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரை கிட்னிக்கு நேரடியான கெடுதல், ஏற்கனவே ஐ.ஜி.ஏ. இருந்தால் கேட்கவே வேண்டாம். தொண்டை வலித்து சிறுநீரும் கறுத்திருக்கிற நாளில் அந்த மாத்திரையைப் போட்டுக்கொள்வதைவிட மோசமான காரியம் வேறு இல்லை.

நம்மவர்களுக்கு இது ஏன் அவசரம் என்றால், வேலூர் சி.எம்.சி.யில் ஐ.ஜி.ஏ. நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து வருகிற டாக்டர்கள், தெற்காசியர்களிடம் இந்த நோய் வேகமாக முற்றுகிறது என்று பதிவு செய்திருக்கிறார்கள். பொதுவாகப் பாடநூல்களில் 20 வருஷத்துக்குள் 20 முதல் 40 சதவீதம் பேருக்குக் கிட்னி செயலிழக்கும் என்று போட்டிருக்கும். அதுவே பெரிய எண்ணிக்கை. நம் ஊரில் நோயாளி வந்து சேருகிறபோதே பாதி கெட்டுப்போயிருப்பதால் அந்த 20 வருஷமும் கிடைப்பதில்லை. டயாலிசிஸுக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டம் கை கொடுக்கிறது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வயிறு வழியாகச் செய்கிற டயாலிசிஸுக்கான பைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள், அதையெல்லாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷினில் படுத்திருப்பவன் எந்தப் படகில் போக முடியும்? அந்த நிலைக்கு வந்த பிறகு செலவழிக்கிற பணத்தில் ஒரு துளியை முன்னாலேயே செலவழிக்கலாம்.

ஜப்பானில் 1974-லிருந்து பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை சிறுநீர்ப் பரிசோதனை செய்கிறார்கள். காலையில் எழுந்ததும் வீட்டிலேயே பிடித்து சின்னப் பாட்டிலில் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே குழந்தைகளின் ஐ.ஜி.ஏ. நோயில் பெரும்பகுதி இப்படித்தான் தெரியவருகிறது, சிறுநீர் கறுப்பதற்கு முன்பே. மறுபக்கமும் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிப் பார்ப்பதை 2007-ல் தன் பரிந்துரையிலிருந்து எடுத்துவிட்டது, வீண் பயமும் வீண் செலவும் அதிகம் என்று. காய்ச்சல் இருந்தால், ஓடி விளையாடிவிட்டு வந்தால், பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நாளாக இருந்தால் பட்டை தப்பாகப் பச்சையாகும் என்பதும் உண்மை, அதனால்தான் காலைச் சிறுநீரில் இரண்டாம் தடவை பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். ஆனால் அமெரிக்கப் பிள்ளை வருஷா வருஷம் ஒரு டாக்டர் முன்னால் உட்காருகிறது. தனுஷ்கோடியிலும் மூக்கையூரிலும் மோர்ப்பண்ணையிலும் உள்ள பிள்ளைக்கு அது இல்லை. எனக்கு ஜப்பான் கணக்குத்தான் நம் ஊருக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இதற்காகப் புதிதாக ஒரு துறையைத் தொடங்கச் சொல்லவில்லை. 2013-ல் வந்த ராஷ்டிரீய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு பள்ளிகளுக்கு வருஷத்துக்கு ஒரு முறை வர வேண்டும், வருகிறார்கள். கண், பல், காது, எடை, இதயம் எல்லாம் பார்க்கிறார்கள். அந்தக் குழுவின் பையில் ஒரு டப்பா பட்டையும் ஒரு பிரஷர் கருவியும் சேர்ந்தால் போதும். எல்லா வகுப்புக்கும் வேண்டாம் என்றால் ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் மட்டும் பார்க்கட்டும், படிப்பை விட்டுக் கடலுக்குப் போகிற பையன்கள் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகுதான் நிற்கிறார்கள். பட்டை பச்சையான பிள்ளைகளை ராமநாதபுரத்துக்கு அனுப்பலாம், 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது. பாம்பன் ரயில் பாலம் இல்லாமல் போன நாட்களில் தீவுக்காரர்கள் மதுரைக்குப் போக பஸ்ஸை நம்பி அலைந்தது எல்லோருக்கும் தெரியும். புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது நல்லதுதான். ஆனால் ஒரு சிறுநீர்ப் பரிசோதனைக்கு ரயில் ஏற வேண்டிய நிலைமையே இருக்கக் கூடாது.

உங்கள் பத்திரிகையிடம் நான் கேட்பது இது. டான்சில் பற்றி அடுத்த முறை போடும்போது இந்த விஷயத்தையும் ஒரு கிட்னி டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள். சிறுநீரின் நிறங்களை வண்ணப் படமாக, இது சாதாரணம், இது தண்ணீர் குறைவு, இது உடனே காட்ட வேண்டியது என்று அரைப் பக்கத்தில் போட்டாலும் போதும், மெடிக்கல் ஷாப்காரர்கள் அதை வெட்டி ஒட்டி வைப்பார்கள், நானே எங்கள் லேப் சுவரில் ஒட்டுவேன். தொண்டை வலி வந்த நாட்களில் சிறுநீர் கறுத்தால், தெளிவதற்குள் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு அன்றைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ லேபுக்கோ போகச் சொல்லி எழுதுங்கள். தெளிந்துவிட்டாலும் இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், பிரஷரும் பார்க்கச் சொல்லுங்கள். மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கும் இதே கோரிக்கையைத் தனியாக அனுப்பியிருக்கிறேன், உங்கள் பத்திரிகையிலும் வந்தால் அவர்கள் கண்ணில் படும்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.